இந்திய–ஜெர்மானியத் தோல் வணிகமும் பாலாற்றுப் படுகையும்: பொருளின் தரமும் நீரின் தரமும்

ஆய்வுச் சுருக்கம்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி வளர்ந்த தோல் தொழில், ஜெர்மனியோடு நெடுங்கால வணிக உறவு உடையது. 1989இல் பென்டாகுளோரோபீனாலுக்கும் 1994இல் சிலவகை அசோ சாயங்களுக்கும் ஜெர்மனி விதித்த தடைகள், இத்தொழிலின் வேதிப்பொருள் பயன்பாட்டைச் சில ஆண்டுகளில் மாற்றியமைத்தன. அதே காலத்தில் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த உப்பைப் பற்றி அந்த வணிக விதிகள் எதுவும் கூறவில்லை. அது இந்திய நீதிமன்றத்தின் பொறுப்பாயிற்று. 2025 வரையிலும் தீரவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இரு நாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பை மதிப்பிடுவதில் அதற்குரிய பொருள் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தோல் தொழில், பாலாறு, ஆம்பூர், இந்திய–ஜெர்மானிய வணிகம், பொருள்தர விதிகள், உவர்ப்பு, குரோமியம்.

1. முன்னுரை

இரு நாடுகளுக்கிடையிலான வணிக ஒத்துழைப்பைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்றுமதி மதிப்பு, சுங்க வரி, முதலீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டே அவ்வுறவை அளக்கின்றன. இவ்வளவுகோல்களின்படி நோக்கினால் ஆம்பூர்–வாணியம்பாடி–இராணிப்பேட்டைத் தோல் பகுதி வெற்றிக்கு எடுத்துக்காட்டாகவே தோன்றும். ஒரு காலத்தில் பாதி பதனிட்ட தோலை மட்டும் அனுப்பிய ஊர்கள் இன்று ஐரோப்பியக் கடைகளில் விற்கும் காலணிகளை முழுமையாகச் செய்து அனுப்புகின்றன. ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெரும்பான்மைத் தொழிலாளர்கள். தோல், தோல்பொருள்கள், காலணிகள் ஆகியவற்றில் இந்தியாவின் ஏற்றுமதி 2023–24இல் ஏறத்தாழ 470 கோடி அமெரிக்க டாலர். வாங்கும் நாடுகளின் வரிசையில் அமெரிக்காவை அடுத்து ஜெர்மனி நிற்கிறது.

இதே பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது கிணற்று நீரின் கணக்கு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. மணலுக்கடியில் ஊறும் நீரையும் கரையோரக் கிணறுகளையும் நம்பியே இங்குக் குடிநீரும் வேளாண்மையும் நடந்துவந்தன. ஆகவே இப்பகுதியில் ஆற்று மாசு என்பது நிலத்தடி நீரின் மாசே ஆகும்.

இவ்விரு கணக்குகளும் தனித்தனித் துறைகளில் எழுதப்பட்டு வந்துள்ளன. முன்னதைப் பொருளியலாரும் பின்னதைச் சூழலியலாரும் சட்டவியலாரும் எழுதினர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தோலைப் பதனிடும்போது உண்டாகும் எச்சங்களுள் பொருளோடு கடல் கடந்து செல்பவற்றுக்கு மட்டுமே வணிகம் வரம்பு விதித்தது; பதனிட்ட இடத்திலேயே தங்கிவிடுபவை வணிகத்தின் பார்வைக்கு வெளியே நின்றன என்பது இதன் மையக் கருத்தாகும்.

2. வணிக உறவின் பின்புலம்

பாலாற்றுப் படுகையில் தோல் தொழில் நிலைபெற்றதற்கு ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு, ஊற்றுநீர் ஆகியவை எளிதில் கிடைத்தமை அடிப்படைக் காரணங்களுள் அடங்கும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை அமைந்த தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இப்பகுதியைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் முதலீடும் தலித் தொழிலாளர்களின் உழைப்பும் இத்தொழிலின் இரு தூண்களாக அமைந்தன. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் இலண்டன் சந்தைக்குச் சென்றது.

ஜெர்மனியின் தொடர்பு முதலில் வேறு வழியில் அமைந்தது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவின் பதனிடாத பச்சைத்தோல் பெருமளவில் கொல்கத்தாவிலிருந்து ஜெர்மனிக்கே சென்றது. அவ்வணிகத்தில் ஜெர்மானிய நிறுவனங்கள் முதன்மை பெற்றிருந்தன. போர் அவ்வணிகத்தை முறித்தது. படைவீரர்களின் காலணிகளுக்காகச் சென்னை மாகாணத்துத் தோலைப் பிரித்தானிய அரசு கொள்முதல் செய்தது. போர் முடிந்தபின் 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 விழுக்காடு தள்ளுபடி அளிக்கப்பட்டது. ஜெர்மனிக்குத் திரும்பவும் பச்சைத்தோல் செல்லாமல் தடுப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. இத்தள்ளுபடி 1923இல் நீக்கப்பட்டுத் தீர்வை 5 விழுக்காடாகக் குறைந்தது.

பதனிடுதல் எந்த நாட்டில் நடைபெறவேண்டும் என்ற வினாவே இத்தீர்வைகளின் உள்ளே இருந்தது. அக்காலத்தில் அது இலாபம் குறித்த வினா. பதனிடும் நாட்டில் என்ன எஞ்சும் என்ற வினா பின்னரே எழுந்தது.

3. 1973ஆம் ஆண்டுக் கொள்கை மாற்றம்

விடுதலைக்குப் பின் 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலையும் தோல்பொருள்களையும் ஏற்றுமதி செய்யவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்குப் பங்கீட்டு வரம்பு வந்தது. 1984இல் தோல் ஏற்றுமதிக் கழகம் நிறுவப்பட்டது.

இக்கொள்கையால் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகின. அதே வேளையில் இரு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, ஆவாரம்பட்டை, வாட்டில்பட்டை முதலிய தாவரப் பதனிடலின் இடத்தைப் பெருமளவு குரோமியப் பதனிடல் பிடித்தது. தாவரப் பதனிடலுக்கு வாரக்கணக்கில் காலம் தேவை. குரோமியம் அதே பணியை ஓரிரு நாள்களில் முடிக்கும். இரண்டாவது, பதனிடலுக்குப் பிந்தைய சாயமேற்றல், கொழுப்பூட்டல், மெருகிடல் ஆகியவையும் இப்பகுதிக்கே வந்தன. மதிப்புக் கூடிய ஒவ்வொரு படியும் நீரையும் வேதிப்பொருள்களையும் தன்னோடு கொண்டுவந்தது.

இதே காலத்தில் ஜெர்மனி உள்ளிட்ட மேற்கு ஐரோப்பிய நாடுகளில் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் சுருங்கின. கூலி உயர்வும் சூழல் விதிகளின் கடுமையும் அதற்குக் காரணங்கள். வாங்குபவர் நாட்டில் மூடப்பட்ட ஒரு கட்டம் விற்பவர் நாட்டில் திறக்கப்பட்டது என்று இந்நிகழ்வைச் சுருக்கலாம்.

4. தோலில் தங்கும் எச்சம்: இரு தடைகள்

பென்டாகுளோரோபீனால் ஒரு பூஞ்சைக்கொல்லி. பதனிட்ட ஈரத்தோல் கப்பலில் பல வாரங்கள் செல்லும்போது பூஞ்சை பிடிக்காதிருக்க இது பயன்பட்டது. மலிவானது, ஆனால் நச்சுத்தன்மை உடையது, டையாக்சின் மாசுகளும் அதனுள் இருக்கக்கூடும். 1989 டிசம்பரில் ஜெர்மனி இதனைத் தடைசெய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இதன் எச்சம் இருக்கக்கூடாது என்பது வரம்பு. அக்காலத்தில் இந்தியத் தோல்பொருள்களை அதிகம் வாங்கிய நாடுகளுள் ஜெர்மனி முன்னணியில் இருந்தமையால், இத்தடை பாலாற்றுப் படுகையின் ஒவ்வோர் ஆலையையும் தொட்டது.

ஏற்றுமதியாளர்க்கு எழுந்த சிக்கல் அவ்வேதிப்பொருளை நிறுத்துவதோடு முடியவில்லை. வேறு பெயர்களில் வாங்கிய பதப்படுத்தும் கலவைகளிலும் அது கலந்திருக்கலாம். காலணி செய்பவர் பல சிறு ஆலைகளிலிருந்து தோல் வாங்குகிறார். அவற்றுள் ஒன்றில் எச்சம் இருந்தாலும் முழுச் சரக்கும் திருப்பி அனுப்பப்படும். ஆகவே பச்சைத்தோல் வந்திறங்கும் இடம் முதல் பெட்டியில் அடைக்கும் இடம் வரை எதில் என்ன கலக்கிறது என்ற பதிவு தேவைப்பட்டது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனையிலும் மாற்றுப் பொருள்களைப் பரிந்துரைப்பதிலும் பங்காற்றியது. இந்திய ஏற்றுமதியை ஜெர்மானியச் சந்தைக்கு ஏற்பத் தகவமைக்க இரு அரசுகளும் இணைந்து நடத்திய ஏற்றுமதி மேம்பாட்டுத் திட்டத்திலும் தோல் துறை இடம்பெற்றது. விலை கூடிய மாற்றுப் பூஞ்சைக்கொல்லிகள் சந்தைக்கு வந்தன.

இரண்டாவது தடை 1994 ஜூலையில் வந்தது. சில அசோ சாயங்கள் சிதைந்து புற்றுநோய் விளைவிக்கவல்ல அமீன்களாக மாறக்கூடும். தோலோடு தொடர்பு கொள்ளும் ஆடை, காலணி முதலியவற்றில் இத்தகைய சாயங்களை ஜெர்மனி தடைசெய்தது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது சோதனை வரம்பு. இந்தியாவும் 1997 மார்ச்சில் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. முன்னரே தடைசெய்த 42 பென்சிடின் வகைச் சாயங்களைச் சேர்த்து மொத்தம் 112 சாயங்கள் விலக்கப்பட்டன. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான விதியாக ஜெர்மானியத் தடை விரிவுபெற்றது.

இம்மாற்றம் விரைந்து நிகழ்ந்தமைக்கு நான்கு காரணங்களைச் சுட்டலாம்.

அ. எச்சம் பொருளிலேயே உள்ளது. ஆய்வகத்தில் ஒரு துண்டுத் தோலைச் சோதித்தால் விடை கிடைத்துவிடும்.
ஆ. தவறினால் இழப்பு உடனடியானது. சரக்கை அனுப்பியவரே அதைச் சுமக்கவேண்டும்.
இ. மாற்றுப் பொருள் விலை கூடியதேனும் கிடைக்கக்கூடியதாக இருந்தது. சாயங்களையும் தோல் வேதிப்பொருள்களையும் இந்தியாவில் விற்ற பெருநிறுவனங்களுள் பாயர், பாஸ்ஃப், ஹோக்ஸ்ட் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்களும் இருந்தன.
ஈ. பாதிப்புக்குள்ளாகக்கூடியவர் வாங்கும் நாட்டின் நுகர்வோர். அவரைக் காக்க அந்நாட்டின் சட்டமும் ஊடகமும் இருந்தன.

இத்தடைகளை அக்காலத்தில் மறைமுக வணிகத் தடைகள் எனக் குறைகூறியோர் உண்டு. சிறு ஆலைகள் மீது இவை சுமத்திய செலவை நோக்க அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அவ்வேதிப்பொருள்களை வெறுங்கையால் கையாண்ட ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தொழிலாளர்க்கும் இத்தடைகள் நன்மையே செய்தன. அந்நன்மை விதியின் நோக்கமாக இருக்கவில்லை. விதியின் உடன்விளைவாக வந்தது.

5. நீரில் தங்கும் எச்சம்: உப்பு

பாலாற்றுப் படுகைக்கு வரும் தோல் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வருகிறது. விலங்கை உரித்த சில மணிநேரத்திலேயே தோல் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பு தடவப்படுகிறது. ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அவ்வுப்பை நீக்குதல். ஊறவைக்கும் தொட்டிகளில் அது நீரோடு கலந்து வெளியேறும். குரோமியம் ஏற்றுவதற்கு முன்னர் அமிலத்தில் இடும் கட்டத்தில் மீண்டும் உப்புச் சேர்க்கப்படுகிறது. அதுவும் கழிவுநீரிலேயே முடிகிறது. முழுமையாக்கிய தோலில் இவ்வுப்பின் சுவடு ஏறத்தாழ இல்லை. ஜெர்மானிய ஆய்வகத்தில் எத்தனை முறை சோதித்தாலும் காலணியில் உப்பு தென்படாது.

மாசு நீக்கும் வழக்கமான முறைகளும் உப்பைப் பிடிப்பதில்லை. சுண்ணாம்பும் படிகாரமும் இட்டால் குரோமியம் வீழ்படிவாகும். காற்றூட்டினால் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கும். நீரில் கரைந்த உப்போ அவ்விரு கட்டங்களையும் கடந்து அப்படியே வெளியேறும். வெளியேறும் நீரில் மொத்தக் கரைதிடம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகாதிருக்கவேண்டும் என்பது இந்திய வரம்பு. சவ்வு வழியாக எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சிய அடர்கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினாலன்றி இவ்வரம்பை எட்டுவது அரிது. அம்முறைக்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகத் தேவை. இறுதியில் கிடைக்கும் கலப்பு உப்பு விலைபோகாது. ஆலை வளாகங்களில் குவித்துவைக்கவேண்டிய சுமையாக அது நிற்கிறது.

நிலத்தில் இறங்கிய உப்பின் செயல் மெதுவானது. மண்ணிலுள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடிக்கும். மண் இறுகி நீர் இறங்காமற்போகும். கிணற்று நீர் உவர்க்கும்; அந்நீரைப் பாய்ச்சிய பயிர், ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச இயலாமல் வாடும். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் தன் முதற்கட்ட ஆய்வில் கண்டது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இதனை எடுத்துக்காட்டியது.

முன்பகுதியில் கூறிய நான்கு காரணங்களையும் உப்புக்குப் பொருத்திப் பார்த்தால் நான்கும் பொருந்தாமையைக் காணலாம். எச்சம் பொருளில் இல்லை. இழப்பு, அனுப்பியவரைச் சேராமல் ஆலைக்குக் கீழ்ப்புறமுள்ள உழவரைச் சேர்கிறது. மலிவான மாற்று இல்லை. பாதிக்கப்பட்டவர் வாங்கும் நாட்டின் நுகர்வோரும் அல்லர்.

6. இரண்டிலும் தங்கும் குரோமியம்

இவ்விரு வகைகளுக்கும் இடையில் குரோமியம் உள்ளது. பதனிடலில் பயன்படும் குரோமியம் மூவிணைதிற வடிவிலானது. வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தோலில் ஏறும். மற்றது கழிவுநீரில் செல்லும். தோலில் ஏறிய குரோமியம் சில சூழ்நிலைகளில் நச்சுமிக்க ஆறிணைதிற வடிவத்துக்கு மாறலாம். அணிபவரின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கலாம்.

அணிபவரைத் தொடும் இவ்வடிவத்துக்கு 2010இல் ஜெர்மனி வரம்பு விதித்தது: கிலோவுக்கு 3 மில்லிகிராம். 2015 மே முதல் அதுவே ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் விதியாயிற்று. கழிவுநீரில் செல்லும் பங்கோ இந்தியச் சட்டத்தின் பொறுப்பு. ஒரே உலோகத்தின் இரு பங்குகள், எங்குத் தங்குகின்றன என்பதைப் பொறுத்து, இரு வேறு நாடுகளின் சட்டங்களுக்குள் விழுந்தன. வணிக விதியின் எல்லை எங்கு முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறையை ஆலைகள் பல ஏற்றமைக்கு அதன் விலையும் ஒரு காரணம். மீட்ட குரோமியம் பணமாகும். மீட்ட உப்பு பணமாவதில்லை.

7. நீதிமன்றத்தின் பங்கு

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவதை ஒப்புக்கொண்டும், அது சூழலை அழிக்கும் உரிமையாகாது என நீதிமன்றம் கூறியது. ஒரு கிலோ தோலை முழுமையாக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும் தீர்ப்பு பதிவுசெய்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 தண்டம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவிடப்பட்டது.

சுத்திகரிப்பு அமைப்பு இல்லாத ஆலைகளை மூடும் ஆணைகள் 1990களின் நடுவில் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் ஆலைகள் கூட்டாகப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. மத்திய அரசின் திட்டத்தில் இவற்றுக்கான செலவுப் பங்கீடு மத்திய அரசு 25, மாநில அரசு 25, நிதிநிறுவனக் கடன் 30, ஆலை உரிமையாளர் 20 விழுக்காடு என அமைந்தது. இப்பங்கீட்டில் தோலை வாங்குபவர்க்கு இடமில்லை என்பது இக்கட்டுரையின் நோக்கில் முக்கியமானது. கடன் ஆலையின்மீது விழுந்தது. மானியம் இந்திய வரிசெலுத்துவோர்மீது விழுந்தது. எஞ்சிய சேதத்தை உழவர் ஏற்றனர்.

இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி வழங்குமாறு மதிப்பிட்டது. சராசரியாக ஒருவருக்கு ரூ. 9,200க்கும் சற்றுக் குறைவு. வழங்குவதிலும் நீட்டிப்பதிலும் எழுந்த வழக்குகள் தொடர்ந்தன. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சிப்காட் வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நீரிலிருந்து பிரித்த மாசு எங்கே போகிறது என்ற வினாவுக்கு அந்நிகழ்வு கொடிய விடையாக அமைந்தது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வேலூர்ப் பகுதி மாசு வழக்கில் மீண்டும் விரிவான தீர்ப்பை வழங்கியது. எஞ்சிய இழப்பீட்டை அரசு வழங்கி மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கவேண்டும் எனவும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சீரமைப்பைக் கண்காணிக்கவேண்டும் எனவும் அது ஆணையிட்டது. முதல் வழக்குத் தொடரப்பட்டு அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. பென்டாகுளோரோபீனால் சிக்கல் தீர எடுத்துக்கொண்ட காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

8. இப்பிளவு ஏன் நேர்ந்தது?

இதற்கு ஜெர்மனியின் அக்கறையின்மையை மட்டும் காரணம் காட்டுவது எளிது, போதுமானதன்று. உலக வணிகச் சட்டத்தின் அமைப்பிலேயே பொருள் வேறு, உற்பத்தி முறை வேறு என்னும் பகுப்பு ஊன்றியிருந்தது. ஒரு பொருளின் இயல்பைக் கொண்டு அதைத் தடுக்கலாம். அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் கொண்டு தடுப்பது வணிகத் தடையாகக் கருதப்படும். வளரும் நாடுகள் இப்பகுப்பை வலியுறுத்தின. கடலாமைகளைக் காக்கும் முறையில் பிடிக்கப்படாத இறாலை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை விதித்தபோது, அதை எதிர்த்து உலக வணிக அமைப்பில் வழக்காடிய நான்கு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1998இல் வெளிவந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, தடையை நடைமுறைப்படுத்திய விதத்தில் பாகுபாடு இருந்ததைக் கண்டித்தது. ஆயினும் உற்பத்தி முறையைச் சார்ந்த விதிகள் எல்லாமே செல்லா எனக் கூறவில்லை.

இந்தியா அந்நிலைப்பாட்டை எடுத்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. உற்பத்தி முறையை வாங்கும் நாடு தீர்மானிக்கத் தொடங்கினால் சிறு உற்பத்தியாளர் வெளியேற்றப்படுவர் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அந்நிலைப்பாட்டின் ஒரு விளைவு, பாலாற்றின் நீர் வணிகப் பேச்சில் இடம்பெறாமல் போனமை ஆகும். ஆற்றைப் பேச்சுக்கு வெளியே நிறுத்துவதில் வாங்கும் நாட்டின் வசதியும் விற்கும் நாட்டின் கொள்கையும் ஒன்றுபட்டன.

9. புதிய விதிகளும் அவற்றின் வரம்பும்

கடந்த சில ஆண்டுகளில் இப்பகுப்பு தளர்ந்துவருகிறது. 2023 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த வழங்கல் தொடர்ப் பொறுப்புச் சட்டம், தொடக்கத்தில் 3,000 ஊழியர்க்கும், 2024 முதல் 1,000 ஊழியர்க்கும் குறையாத நிறுவனங்களுக்குப் பொருந்துவது. உணவு உற்பத்தியையோ குடிநீரையோ கெடுக்கும் மண் மாசும் நீர் மாசும் இச்சட்டம் கருதும் தீங்குகளுள் அடங்கும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதையொத்த ஆணையை ஏற்றது. தனியார் தரப்பில், 2005இல் தொடங்கிய தோல் செயற்குழு பதனிடும் ஆலைகளின் நீர், ஆற்றல், கழிவுப் பயன்பாட்டைத் தணிக்கை செய்து தரம் வழங்குகிறது. பெரிய வணிகப் பெயர்கள் அத்தரத்தைக் கேட்கின்றன.

இந்தியாவின் நிலைப்பாடும் மாறியுள்ளது. ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தாகி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், நீடித்த வளர்ச்சிக்கெனத் தனி அத்தியாயத்தை இந்தியா ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கி 2013இல் தடைப்பட்ட பேச்சு 2022இல் மீண்டும் தொடங்கியது. 2026 ஜனவரியில் அது நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

இவற்றை வரவேற்கும்போதே இரு ஐயங்களை முன்வைக்கவேண்டும். முதலாவது, ஐரோப்பியப் பொறுப்புச் சட்டங்களின் வீச்சையும் காலத்தையும் குறைக்கும் முயற்சிகள் 2025 முதல் வலுப்பெற்றுள்ளன. இரண்டாவது, பொறுப்பு எவ்வழியாகக் கடத்தப்படுகிறது என்பது. ஜெர்மானிய நிறுவனம் தன் சட்டக் கடமையை ஒரு வினாப்படிவமாக மாற்றி ஆம்பூர்க் காலணி ஆலைக்கு அனுப்பலாம். அவ்வாலை அதைத் தோல் தரும் சிறு ஆலைக்கு அனுப்பலாம். படிவம் கீழிறங்கும், கொள்முதல் விலை மேலேறாது. அவ்வாறாயின், உப்பைப் பிரிக்கும் செலவு பழையபடியே ஆலைக்கும் அரசுக்கும் உழவர்க்கும் இடையே பங்கிடப்படும். சிறு ஆலைகள் இச்செலவைத் தாங்காமல் மூடினால், பதனிடல் விதிகள் தளர்ந்த வேறிடத்துக்குப் பெயரும். மாசும் உடன் பெயரும்.

2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை, குரோமியம் ஏற்றிய ஈரத்தோலின் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்க வரியை நீக்கியது. கிரஸ்ட் எனப்படும் இடைநிலைத் தோலின் ஏற்றுமதிக்கு இருந்த 20 விழுக்காடு தீர்வையையும் நீக்கியது. முன்னதால் உப்பு நீக்கும் கட்டம் பிறநாட்டிலேயே முடிந்த தோல் இங்கு வரும். பின்னதால் மாசு மிகுந்த கட்டங்களை இங்கு முடித்து, மதிப்பு மிகுந்த கட்டங்களை வேறு நாட்டுக்கு அனுப்ப வழி பிறக்கும். பாலாற்றின் நோக்கில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. இரண்டும் வரிச்சலுகையாக மட்டுமே விவாதிக்கப்பட்டன. அவற்றின் நீர்க்கணக்கை எவரும் கேட்கவில்லையெனில் 1973இல் நேர்ந்ததே மீண்டும் நேரும்.

10. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, இந்திய–ஜெர்மானியத் தோல் வணிகம் மாற்றத்தை விளைவிக்கவல்லது என்பது 1989, 1994 தடைகளால் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே ‘சிறு ஆலைகள் மாறமாட்டா’ என்னும் கூற்று ஏற்கத்தக்கதன்று. இழப்பும் சோதனையும் மாற்றுப்பொருளும் ஒருங்கே அமைந்தபோது அவை மாறின.

இரண்டாவதாக, அம்மாற்றம் பொருளில் தங்கும் எச்சத்தோடு நின்றது. உப்பு வணிகக் கணக்கில் ஒருபோதும் ஏறவில்லை. இரு நாட்டு ஒத்துழைப்பை ஏற்றுமதி மதிப்பால் மட்டும் அளக்கும் ஆய்வு, இச்செலவைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவதாக, வருங்கால ஒத்துழைப்பில் உப்புக்கு இடம் வேண்டும். உப்பின்றியோ குறைந்த உப்பிலோ பச்சைத்தோலைக் காக்கும் முறைகள், இறைச்சிக்கூடங்களுக்கு அருகே குளிரூட்டும் வசதி, கலப்பு உப்பைப் பிரித்து மீளப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் ஆகியவை கூட்டாய்வுக்குரிய துறைகள். சுத்திகரிப்புச் செலவு கொள்முதல் விலையில் வெளிப்படையான ஒரு கூறாக எழுதப்படுமானால், 25, 25, 30, 20 என்ற பழைய பங்கீட்டில் விடுபட்ட ஐந்தாம் தரப்பும் உள்ளே வரும்.

நான்காவதாக, பாலாற்றுக் கரையின் கிணறுகளில் எடுக்கப்படும் நீர்ப் பரிசோதனை முடிவுகள் ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பொதுவெளியில் கிடைக்கவேண்டும். ஒரு காலணியின் எச்சச் சோதனை அறிக்கை ஜெர்மனியில் உள்ள வணிகருக்குக் கிடைக்கிறது. அக்காலணிக்கான தோலைப் பதனிட்ட ஊரின் கிணற்று நீர் அறிக்கை அவ்வூராருக்குக் கிடைப்பதே சமமான ஒத்துழைப்பின் தொடக்கமாகும்.